தாடியும் மாரத்தானும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பினாங்குப் பாலத்தின் மேல் நடக்கும் மாரத்தானில் மூன்று முறை தாடியோடு ஓடியிருக்கிறேன். ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு நிதி திரட்டத்தான். பயிற்சி தொடங்கும் நாளில் கடைசிச் சவரம், ஓடி முடித்த பிறகுதான் அடுத்தது. நடுவில் பதினாறு வாரம். அந்தப் பதினாறு வாரமும் தொழிற்சாலைக் கேன்டீனில், லிட்டில் இந்தியா மளிகைக் கடையில், தண்ணீர்மலைக் கோயில் படிக்கட்டில், சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் என்று எங்கே போனாலும் அதே கேள்விகள். இந்த வருடம் எங்கள் குழுவோடு புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன்.

"என்ன தம்பி தாடி? வீட்ல ஏதும் துக்கமா?"

நம் ஆட்களுக்குத் தாடி என்றால் துக்கம், நேர்த்திக்கடன், காதல் தோல்வி, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவனிடம் மூன்றாவதைக் கேட்கத் தயங்கி, முதலாவதைக் கேட்பார்கள். சிரித்து மழுப்பிவிடாதீர்கள். இந்தக் கேள்வி வரவேண்டும் என்றுதானே தாடியே வைத்திருக்கிறோம்.

"கிட்னி கெட்டுப்போனவங்களுக்காக ஓடுறேன் மாமா, ஓடி முடிக்கிற வரைக்கும் சவரம் இல்ல." இவ்வளவுதான். அதற்கு மேல் அவரே கேட்பார். முதல் வருடம் கூச்சத்தில் இரண்டு வாரம் எல்லோரிடமும் "சும்மாதான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தச் சும்மாவில் எத்தனை ஐந்து வெள்ளி (ரிங்கிட்) போனதோ தெரியாது. தாடி முகத்தில் மாட்டிய உண்டியல். உண்டியலை வைத்துவிட்டு எதற்கு என்று எழுதாமல் விட்டால் யார் போடுவார்கள்?

"ஓடறதுக்கும் தாடிக்கும் என்ன சம்பந்தம்?"

ஒன்றும் இல்லை. நாம் ஓடுவது விடியற்காலை இருட்டில், அதைப் பார்ப்பது தெருநாய்கள் மட்டும்தான். தாடியை நாள் முழுக்க ஊரே பார்க்கும். யோசனையும் புதிதல்ல. 2003இல் மெல்பர்னில் முப்பது பேர் நவம்பர் மாதம் மீசை வளர்த்துத் தொடங்கியதுதான் மொவெம்பர். ஆண்களின் உடல்நலத்துக்காக இன்று பல நாடுகளில் நடக்கிறது. அங்கே மீசைக்குத்தான் மதிப்பு, தாடி கூடாது. நம்மிடையே மீசை வைத்தால் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? பிறக்கும்போதே மீசையோடு பிறந்தவர்கள் மாதிரி இருக்கிறோம். அதனால் நாங்கள் தாடிக்குப் போனோம்.

டயாலிசிஸ் ஏன் என்று கேட்டால் நான் கணக்குத்தான் சொல்வேன். மையத்துக்கு வருகிறவர் வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். நான் ஐந்தே கால் மணி நேரம் ஓடுவது வருடத்தில் ஒரு நாள்.

"நான் பஸ்ஸுக்குக்கூட ஓடினதில்ல. பதினாறு வாரத்துல முடியுமா?"

முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். இன்றைக்கு நிற்காமல் 5 கிலோமீட்டர் மெதுவாக ஓட முடிகிறவருக்கே பதினாறு வாரம் இறுக்கமான கணக்கு. அதுவும் முடியாதவர் இந்த வருடம் 10 கிலோமீட்டருக்கோ அரை மாரத்தானுக்கோ பெயர் கொடுங்கள். 10 கிலோமீட்டர் ஓடுகிறவரின் தாடியும் அதே நீளத்துக்குத்தான் வளரும், நன்கொடையும் குறையாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சில் ஏதாவது பழைய கதை இருந்தால் காலணி வாங்கும் முன் டாக்டரைப் பாருங்கள்.

மற்றவர்களுக்கு வாரத்தில் நான்கு நாள் ஓட்டம். மூன்று சின்ன ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்தை 8, 10, 12 என்று கூட்டிக்கொண்டே போய், நான்காவது வாரம் கொஞ்சம் குறைத்து, மறுபடி கூட்டுங்கள். 30, 32 வரைக்கும் போனால் போதும். அதையும் போட்டிக்கு மூன்று வாரத்துக்கு முன்பே முடித்துவிட்டு, பிறகு குறைத்துக்கொண்டு வாருங்கள். புதியவர்கள் செய்யும் ஒரே பெரிய தப்பு வேகம். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியவில்லை என்றால் உங்கள் வேகம் அதிகம். நடப்பதும் பாவமில்லை. ஏழு மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட பத்து நிமிடம். நடையும் ஓட்டமுமாகப் போனாலே வந்து சேரலாம்.

"காலைல நாலு மணிக்கு எழுந்திருக்கணுமா? சாயங்காலம் ஓடினா ஆகாதா?"

சின்ன ஓட்டங்களைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம். யூத் பார்க்கில் ஆறு மணிக்கு மேல் ஓட ஆள் துணையும் இருக்கும். நீண்ட ஓட்டம் மட்டும் இருட்டில்தான். நம் ஊரில் எட்டு மணிக்கெல்லாம் வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துவிடும், காற்றில் ஈரமும் அதிகம், வியர்வை காயவே காயாது. இன்னொரு காரணமும் உண்டு. பாலத்தில் முழு மாரத்தான் நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். தூக்கம் கெட்ட உடம்போடு ஓடுவதற்கும் பயிற்சி வேண்டும்.

நாங்கள் கர்ப்பால் சிங் டிரைவில் தொடங்கிக் கடலோரமாகவே தெற்கே போவோம். ஏற்றத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகள். முருகனுக்கு ஒரு கும்பிடு, தொடைக்கு ஒரு தண்டனை. ஏற்றம் எதற்கு என்று கேட்கிறீர்களா? பாலத்தைக் காரில் கடக்கும்போது அது மேடு என்றே தெரியாது. 13.5 கிலோமீட்டர் நீளம், அதில் 8.4 கடலுக்கு மேல், கப்பல் போக நடுப்பகுதி உயர்ந்து நிற்கும். திரும்பி வரும்போது, முப்பதாவது கிலோமீட்டர் கால்களோடு அந்த மேட்டை ஏறிப் பாருங்கள். 1985இல் பாலத்தைத் திறந்தவர்கள் கார்களை நினைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

செப்டம்பரிலிருந்து மழை பிடித்துக்கொள்ளும். மழைக்கு ஓடலாம், இடிக்கு ஓடக் கூடாது.

"ரெண்டாவது வாரமே அரிப்பு தாங்கல. எடுத்துடட்டுமா?"

எடுக்காதீர்கள், இது எல்லோருக்கும் வரும். சவரக்கத்தி வெட்டிய முடியின் நுனி கூராக இருக்கும். அது கொஞ்சம் வளர்ந்ததும் வளைந்து தோலையே குத்தும். இன்னும் வளர்ந்தால் முடி மடிந்து படுத்துக்கொள்ளும். நான்காவது வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். தாடி ஒரு நாளைக்கு 0.3, 0.4 மில்லிமீட்டர்தான் வளரும். அப்படிப் பார்த்தால் பதினாறு வாரத்தில் சுமார் நான்கு சென்டிமீட்டர். சாமியார் அளவுக்கு வரவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்ளாதீர்கள்.

ஓடுகிறவருக்குக் கூடுதல் தொல்லை உப்பு. வியர்வை தாடிக்குள் காய்ந்தால் அரிப்பு இரண்டு மடங்காகும். ஓடி முடித்த உடனே, தேத்தண்ணிக் கடைக்குப் போகும் முன்னாலேயே நல்ல தண்ணீரில் தாடியை அலசுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று முறை மென்மையான ஷாம்பு போதும். குளித்த பிறகு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விரலில் தேய்த்து, முடிக்கு அல்ல, முடிக்கு அடியில் உள்ள தோலுக்குப் போடுங்கள். ஓடப் போகும் முன் மட்டும் வேண்டாம். ஒருமுறை போட்டுக்கொண்டு போய், வியர்வையோடு கழுத்தில் வழிந்து சட்டைக் காலரெல்லாம் எண்ணெய். வட்டமாகச் சிவந்து செதில் உதிர்ந்தால் அது வெறும் அரிப்பு அல்ல, டாக்டரிடம் காட்டுங்கள்.

"தாடி இருந்தா ஓடும்போது சூடு அதிகமா இருக்காதா?"

பெரிதாக ஒன்றும் இல்லை. உடம்பு பூராவும் வியர்க்கும்போது தாடி மூடுவது உள்ளங்கை அகலம்தான். உண்மையான தொல்லை மீசையில் வருகிறது. ஓட்டத்தில் சாப்பிடும் ஜெல் பசை மாதிரி இருக்கும், வாயைச் சுற்றி அப்பிக்கொள்ளும். முதல் வருடம் பாலத்தில் இருட்டில் ஒரு பாக்கெட்டைப் பல்லால் கிழித்தேன். பாதி வாய்க்குள் போனது, பாதி தாடிக்குள். அடுத்த பத்து கிலோமீட்டர் வாயைத் திறந்து மூடும்போதெல்லாம் முடி ஒட்டிப் பிடுங்கிக்கொண்டே வந்தது. இப்போது ஜெல்லைத் தண்ணீர் மேசைக்குச் சற்று முன்னால்தான் எடுப்பேன். ஒரு குவளை குடிக்க, ஒரு குவளை தாடிக்கு. நூறு பிளஸ் பானத்தைத் தாடியில் ஊற்றாதீர்கள், அதுவும் சர்க்கரைதான்.

"நாசி கண்டாரை விடணுமா?"

விட வேண்டாம். சோற்றில் பல குழம்புகளை ஊற்றித் தரும் பினாங்குச் சாப்பாடு அது, நாளைத் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள். நீண்ட ஓட்டத்துக்கு முந்தின இரவு எண்ணெயும் குழம்பும் வயிற்றைக் கலக்கும். அன்றைக்கு இட்லி, சோறு, ரொட்டி மாதிரி வயிறு பழகியது எதுவானாலும் சரி. ஓடி முடித்த பிறகு நாசி கண்டார், யாரும் தடுக்க மாட்டார்கள்.

"முட்டி வலிக்குதுண்ணே. மாத்திரை போட்டுக்கிட்டு ஓடட்டுமா?"

வேண்டாம். இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் வகை வலிமாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக் கூடியவை. தண்ணீர் வற்றிய உடம்போடு பல மணி நேரம் ஓடும்போது அதைப் போடுவது சிறுநீரகத்துக்கே ஆபத்து. டயாலிசிஸ் மையத்துக்காக ஓடிவிட்டு அதே மையத்தில் போய்ப் படுப்பதற்கா இவ்வளவு பாடு?

வலி இரண்டு நாளில் போனால் வேலை செய்த களைப்பு. ஒரே இடத்தில் குத்தி, நடக்கும்போதும் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திக் காட்டுங்கள். மேசைக்கு மேசை மடமடவென்று வெறும் தண்ணீர் குடிப்பதும் தப்பு, ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். தாகத்துக்குக் குடியுங்கள், போதும்.

"நான் கிளீன் ரூம்ல வேலை செய்றேன். தாடி விடுவாங்களா?"

தொழிற்சாலைகள் நிறைந்த பாயான் லெப்பாசில் பாதிப் பேர் கேட்கும் கேள்வி இது. என் வேலையும் அங்கேதான். தூசியோ முடியோ விழக் கூடாத அறை என்பதால் தலைக்கு மூடி போடுவது போல் தாடிக்கும் மூடி உண்டு, அதைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். தொடங்கும் முன் சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள். என் சூப்பர்வைசர் முதலில் முகத்தைச் சுளித்தார், காரணத்தைச் சொன்னதும் இருபது வெள்ளி எழுதினார்.

மருத்துவமனையிலோ தூசி அதிகமான இடத்திலோ என்95 முகக்கவசம் போட்டு வேலை செய்கிறவர் தாடி வளர்க்கக் கூடாது. முகக்கவசத்தின் விளிம்பு தோலோடு ஒட்டாவிட்டால் காற்று பக்கவாட்டில் நுழையும், போட்டும் பிரயோசனம் இல்லை. புகைமூட்டக் காலத்துக்கும் இதே பேச்சுதான். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே ஓடாதீர்கள், வீட்டில் படி ஏறி இறங்குங்கள். அன்றைக்கு ஓடாததற்காக யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

"காசை யாருகிட்ட கொடுக்கிறது? உன் கணக்குல போடணுமா?"

கூடவே கூடாது. நேராக மையத்தின் வங்கிக் கணக்குக்கு, மையத்தின் கியூஆர் குறியீட்டுக்கு. என் கை வழியாக ஒரு சென்னும் போகாது என்று சொன்னபோதுதான் எங்கள் சொந்தத்திலேயே சிலர் கொடுத்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வசூல் என்று கிளம்பிய எத்தனை பேரைப் பார்த்தவர்கள்!

வரி விஷயமும் இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அனுமதி பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்த நன்கொடையைத்தான் கழித்துக்கொள்ளலாம். தனிநபருக்கு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரைக்கும். ரசீது கொடுத்தவரின் பெயரில் வர வேண்டும். உங்கள் கணக்கில் வாங்கி நீங்கள் அனுப்பினால் ரசீது உங்கள் பெயரில் வரும், கொடுத்தவருக்கு நாமம். ஆகவே அனுமதிக் கடிதத்தை முதலிலேயே மையத்திடம் கேட்டுப் பாருங்கள்.

ரொக்கமாகத் தருகிறேன் என்கிற பெரியவர்களுக்கு மையத்தின் ரசீதுப் புத்தகத்தை வைத்திருங்கள். தகரப் பெட்டியோடு கடைத்தெருவில் நிற்கவோ வீடு வீடாகப் போகவோ நினைத்தால், அதற்குப் போலீஸ் உரிமம் வேண்டும், 1947ஆம் வருடச் சட்டம். போட்டி நுழைவுக் கட்டணம், காலணி, டி-சட்டை எல்லாம் நம் சொந்தக் காசு. அதைச் சொல்லாமலே விடாதீர்கள், முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

"எனக்குத் தாடி முளைக்காதே, நான் எப்படிச் சேர்றது?"

கேட்டவர் என் அக்கா. அவள் பதினாறு வாரம் தே தாரிக்கை, அதாவது நுரைக்க ஆற்றிய பால் தேநீரை, விட்டாள். குடிக்க நினைத்த ஒவ்வொரு முறையும் அந்தக் காசைப் பெட்டியில் போட்டாள். தாடி வைத்தவர்களை விட அவள் முகம்தான் பரிதாபமாக இருந்தது, வசூலும் அவளுக்குத்தான் அதிகம். ஏற்கெனவே தாடி வைத்திருக்கிறவர் தலைகீழாகச் செய்யலாம். பத்து வருடத் தாடியை ஓடி முடித்ததும் எடுக்கிறேன் என்று அறிவித்துப் பாருங்கள். சமயக் கடமையாக வைத்த தாடி என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். அவர் அக்கா மாதிரி வேறு ஏதாவது விடட்டும்.

"தீபாவளிக்காச்சும் எடுத்துட்டு வாடா!"

இது கேள்வி அல்ல, அம்மாவின் உத்தரவு. தீபாவளி பெரும்பாலும் பயிற்சியின் நடுவில்தான் வரும். என் அம்மா மூன்று வருடமும் எண்ணெய் தேய்த்துவிடும்போது தாடியிலும் சேர்த்துத் தேய்த்தார், கொஞ்சம் அழுத்தியே தேய்த்தார். வாதாடி ஜெயிக்க முடியாது. மையத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன். அங்கே தன் பள்ளித் தோழி ஒருவர் மெஷினோடு படுத்திருந்ததைப் பார்த்தார். அடுத்த வருடம் அவரே அத்தைகளிடம் வசூல் செய்தார். தாடி பிடிக்கவில்லை என்பது மட்டும் மாறவில்லை.

"ஓரம் மட்டும் வெட்டிக்கலாமா?"

கழுத்தையும் கன்னத்தையும் ஒதுக்கலாம், நீளத்தைக் குறைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. முடிதிருத்தகத்தில் உட்காரும் முன் இதை இரண்டு முறை சொல்லுங்கள், அப்புறம் தூங்காதீர்கள். இரண்டாவது வருடம் 24 கிலோமீட்டர் ஓடிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன், கண் சொக்கிவிட்டது. விழித்துப் பார்த்தால் வலது பக்கம் வழவழ, இடது பக்கம் காடு. "நீங்கதானே தலையாட்டினீங்க அண்ணே" என்றார் அவர். தூக்கத்தில் ஆட்டியிருப்பேன். மீதியையும் எடுத்துவிட்டு, கொடுப்பதாகச் சொன்ன எல்லோருக்கும் படத்தோடு செய்தி அனுப்பினேன். ஒருவரும் பின்வாங்கவில்லை, அந்தப் படத்துக்காகவே புதிதாக மூன்று பேர் கொடுத்தார்கள். வேண்டுமென்றே செய்யலாமே என்று கேட்காதீர்கள்.

"கார்த்திகைக்கு ஐயப்பனுக்கு மாலை போடுவேன். அந்தத் தாடியையே இதுலயும் சேர்த்துக்கலாமா?"

கொஞ்சம் சிக்கலான கேள்வி. எங்கள் குழுவில் இரண்டு வருடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். சாமிக்கு வைத்த தாடியைக் காட்டிக் காசு கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் ஆகஸ்டிலேயே நிதிக்காகத் தொடங்கி, கார்த்திகையில் மாலையும் போடுகிறவர் இரண்டையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் தப்பில்லை என்பது என் எண்ணம். குருசாமி வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதுதான்.

நடைமுறையில் இரண்டு விஷயம். டிசம்பரில் ஓடி முடித்தாலும் மாலையைக் கழற்றும் வரை சவரம் முடியாது. நன்கொடையாளர்கள் கூடி நிற்கும் சவரக் காட்சியைத் தள்ளிப்போடுங்கள். அப்புறம், சாமிமார் வெறுங்காலோடு நடக்கிறார்களே என்று 42 கிலோமீட்டரை வெறுங்காலில் ஓடத் துணியாதீர்கள். ஓட்டத்துக்குக் காலணி போடலாமா என்பதையும் குருசாமியிடமே கேளுங்கள். கூடாது என்றால் அந்த வருடம் தண்ணீர் மேசையில் நில்லுங்கள்.

"பாதியில நின்னுட்டா காசைத் திருப்பித் தரணுமா?"

முன்னால் சொன்ன மாதிரி காசு மையத்துக்கே போய்விட்டதால் திருப்ப நம்மிடம் ஒன்றும் இருக்காது. அதனால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: நன்கொடை மையத்துக்கு, நான் முடிப்பதற்குப் பந்தயம் அல்ல. கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளி என்று பேசியவர்களிடம் மட்டும் ஓடிய தூரத்தை உள்ளபடி சொல்ல வேண்டும்.

மூன்றாவது வருடம் 31ஆவது கிலோமீட்டரில், அந்த மேட்டை ஏறும்போது, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நீவிப் பார்த்தேன், நொண்டிப் பார்த்தேன், முடியவில்லை. வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கிலோமீட்டர்க் கணக்கில் பேசிய எட்டுப் பேரில் ஏழு பேர் பரவாயில்லை என்று முழு 42 வெள்ளியும் போட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மட்டும் சரியாக 31 வெள்ளி போட்டு, "மீதி பதினொன்று அடுத்த வருடம்" என்று எழுதியிருந்தார். இந்த வருடம் நான் ஓடுவது அந்தப் பதினொன்றுக்காகவும்தான்.

"முடிச்ச உடனே அங்கேயே சவரமா?"

பார்க்கிறவர்களுக்கு ஆசை. ஆனால் உப்பு காய்ந்து ஊறிய தோலில் கத்தி பட்டால் மிளகாய்த்தூள் தூவினது போல் இருக்கும், அனுபவித்துச் சொல்கிறேன். முதலில் மெஷினால் குறைத்து, வெந்நீரில் ஊறவைத்து, அன்று மாலை நிதானமாக எடுங்கள். கண்ணாடியில் மேல் பாதி கருத்தும் கீழ்ப் பாதி வெளுத்தும் இரண்டு ஆட்களின் முகத்தை ஒட்டினது போல் தெரியும், இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.

போன முறை சவரம் செய்த மறுநாள் மளிகைக் கடைக்குப் போனேன். பதினாறு வாரமும் தாடியைப் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்காத கடைக்காரர், "ஏன் தம்பி எடுத்துட்ட, நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கணக்கை முடித்துவிட்டோம் என்றும் சொன்னேன். கல்லாவிலிருந்து பத்து வெள்ளியை எடுத்து நீட்டி, "அப்ப இதை அடுத்த தாடியில எழுதிக்க" என்றார்.